சைபர் என்றால் எவ்வளவு?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, விடுதி மெஸ் பற்றி எழுதட்டுமா என்றுதான் முதலில் கேட்டேன். "அதைப் பற்றி ஏற்கனவே பதினோரு கட்டுரை வந்தாச்சு சார், நீங்க உங்க வேலையைப் பற்றி எழுதுங்க" என்றார்கள். நல்லதாகப் போயிற்று. நம் கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டு வெளியே போன நான், முப்பத்துச் சொச்சம் வருடம் ஓ.பி. வேன் எனப்படும் வெளிப்புற ஒளிபரப்பு வண்டிகளிலேயே காலம் தள்ளினேன். அதிலும் படம் என் பக்கம் வரவில்லை, ஒலிதான். ஒலியிலும், வீட்டில் டி.வி. பார்ப்பவர் காதுக்கு ஒருநாளும் எட்டாத ஒலி. டைரக்டர் கேமராமேனுக்குச் சொல்வது, மேடை மேலாளர் லைட்காரருக்குச் சொல்வது, லைட்காரர் திருப்பி முணுமுணுப்பது. சுருக்கமாகச் சொன்னால் இன்டர்காம்.

ஒரு இன்டர்காம் லைனை இன்னொரு வகை லைனோடு சேர்த்து வைக்கச் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. இன்டர்ஃபேஸ் என்போம். அதன் முகப்பில் நான்கைந்து பொட்டு விளக்குகள் வரிசையாக இருக்கும். பேசினால் பச்சை எரியும், உரக்கப் பேசினால் மஞ்சள் எரியும். அதுதான் லெவல் மீட்டர். "இந்த மீட்டர் என்னப்பா சொல்லுது?" என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் கேட்பேன். "சத்தம் எவ்வளவுன்னு சொல்லுது சார்" என்பார்கள். பாதி மதிப்பெண் கொடுக்கலாம். இந்த முனையில் இருப்பவரும் அந்த முனையில் இருப்பவரும் எதைச் சைபர் என்று வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்களோ, அதற்கு மேலா கீழா என்பதைத்தான் மீட்டர் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் மீட்டர் வெறும் தீபாவளி விளக்கு. அந்த ஒப்பந்தம் வந்த கதை நாம் படித்த பாடப்புத்தகத்தில் இல்லை. டெசிபெல்லுக்குச் சூத்திரம் இருந்தது, அவ்வளவுதான்.

கதை டெலிபோனில் தொடங்குகிறது. ஒரு ஜோடிக் கம்பி. பேச்சும் அதிலேயே போகும், பதிலும் அதிலேயே வரும். ஊருக்குள் பேச அது போதும், தூரம் கூடினால் குரல் தேய்ந்துவிடும். எவ்வளவு தேய்கிறது என்று சொல்ல ஓர் அளவு வேண்டாமா? நம் கிராமங்களில் தூரத்தைச் சொல்லக் 'கூப்பிடு தூரம்' என்று ஒரு கணக்கு உண்டு. அங்கே குரலைக் கொண்டு தூரத்தை அளந்தார்கள். அமெரிக்காவின் பெல் டெலிபோன்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டு, தூரத்தைக் கொண்டு குரலை அளந்தார்கள். மைலுக்கு 88 ஓம் மின்தடையும் 0.054 மைக்ரோஃபாரட் மின்தேக்குத்திறனும் உள்ள கேபிளை 'ஸ்டாண்டர்டு கேபிள்' என்று வைத்துக்கொண்டார்கள். சோதிக்க வேண்டிய லைனில் ஒருவர் பேசுவார். உடனே ஸ்விட்சைத் திருப்பி ஸ்டாண்டர்டு கேபிள் வழியாகவும் பேசுவார். மறுமுனையில் இருப்பவர் காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி படும்வரை கேபிளின் மைல்களைக் கூட்டிக் குறைப்பார்கள். கடைசியில் "இந்த லைன் இத்தனை மைல்" என்று எழுதிக்கொள்வார்கள். லைனின் உண்மையான நீளத்துக்கும் இந்த மைலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை!

இதில் ஒரு கோளாறு. கேபிள் கீச்சுக் குரலை அதிகமாகத் தின்னும், கனத்த குரலைக் கொஞ்சம் விட்டுவைக்கும். எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் கடத்தும் நல்ல லைன்கள் வந்த பிறகு, அவற்றைக் கேபிள் மைலோடு ஒப்பிடுவது மாம்பழத்தைப் பலாப்பழத்தால் எடை போடுகிற காரியமாகிவிட்டது. ஆகவே 1924இல் மைலைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு மின்திறன்களின் விகிதத்தை லாகரிதத்தில் சொல்லும் 'டிரான்ஸ்மிஷன் யூனிட்' என்பதைக் கொண்டுவந்தார்கள். அதன் அளவு பழைய மைலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது பெரிய வசதி. பழகிய ஆட்கள் பழகிய எண்களையே சொல்லலாம். 1928இல் அதற்குக் கிரகாம் பெல் நினைவாக டெசிபெல் என்று பெயர் வந்தது. ஐரோப்பாவில் சிலர் லாகரிதம் கண்ட ஜான் நேப்பியர் பெயரால் 'நெப்பர்' என்ற வேறோர் அளவை வைத்துக்கொண்டார்கள். ஒரு நெப்பர் சுமார் 8.7 டெசிபெல்.

இந்த இடத்தில் நம் பேட்ச் ஆட்களுக்கு வைவா ஞாபகம் வரும். "10 லாக்கா, 20 லாக்கா?" என்று வெளித் தேர்வாளர் கேட்டதும் தொண்டை வறண்டவர்கள் எத்தனை பேர்! மின்திறனுக்கு 10, மின்னழுத்தத்துக்கு 20. திறன் பாதியானால் 3 டெசிபெல் குறையும், அழுத்தம் பாதியானால் 6 டெசிபெல் குறையும். இந்த 6ஐ மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

பின்னால் தேவைப்படும் இன்னொன்றும் இருக்கிறது. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே டெலிபோன் லைன் திறப்பு விழா. இந்தப் பக்கம் கிரகாம் பெல், அந்தப் பக்கம் அவருடைய பழைய உதவியாளர் வாட்சன். 1876இல் பக்கத்து அறையில் இருந்த வாட்சனைக் கூப்பிட்டது போலவே பெல் மறுபடியும் கூப்பிட, இப்போது வந்து சேர ஒரு வாரம் ஆகுமே என்று வாட்சன் பதில் சொன்னார். விழாவில் எல்லோரும் ரசித்த வேடிக்கை அது. எஞ்சினீயர் ரசிக்க வேண்டியது, வழியில் இருந்த வால்வு பெருக்கிகளை. வால்வு ஒரு பக்கமாகத்தான் பெருக்கும். லைனோ இரண்டு பக்கமும் பேச்சு ஓடும் ஒரே ஜோடிக் கம்பி. ஆகவே பெருக்கி வைக்கும் இடத்தில் போகும் பேச்சையும் வரும் பேச்சையும் பிரித்து, இரண்டு தனிப் பெருக்கிகள் வழியாக அனுப்பி, மறுபடி ஒரே ஜோடியில் சேர்க்க வேண்டும். பிரிப்பதற்கு 'ஹைபிரிட்' என்ற சிறப்பு மின்மாற்றி. அது ஒரு தராசு மாதிரி. ஒரு தட்டில் உண்மையான லைன், மறு தட்டில் அந்த லைனைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு போலிச் சுற்று. இரண்டும் சமமாக இருந்தால், அனுப்பிய குரல் திரும்பி வராது. சமம் தவறினால் அனுப்பியதில் ஒரு பங்கு திரும்பி வந்து, மறுபடி பெருக்கப்பட்டு, மறுபடி திரும்பி... லைன் ஊளையிடும். டெலிபோன்காரர்கள் நாசூக்காக 'லைன் பாடுகிறது' என்பார்கள்.

இனி ஊசிக்கு வருவோம். 1930களில் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒரு ஊரில் தயாராகி, டெலிபோன் கம்பெனியின் லைன் வழியாக நாடு முழுவதும் உள்ள நிலையங்களுக்குப் போகும். ஸ்டூடியோவில் ஒரு மீட்டர், டெலிபோன் நிலையத்தில் ஒரு மீட்டர், ஒலிபரப்பியில் ஒரு மீட்டர். மூன்றும் மூன்று விதம். ஒன்றின் ஊசி துள்ளும், மற்றொன்றின் ஊசி சோம்பேறி. சைபர் என்று எதை வைத்துக்கொள்வது என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஒருவருக்கு 6 மில்லிவாட் சைபர், இன்னொருவருக்கு 12.5 மில்லிவாட் சைபர். அந்த ஒன்றிலேயே 3 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம். லைனைச் சிலர் 500 ஓம் என்று கணக்குப் போட்டார்கள், சிலர் 600 ஓம் என்று. ஸ்டூடியோக்காரர் "நான் சரியாகத்தான் அனுப்பினேன்" என்பார், லைன்காரர் "எனக்கு அதிகமாக வருகிறது" என்பார். இருவரும் உண்மையே பேசினார்கள். யார் மேல் தப்பு என்று சொல்ல முடியாத சண்டைதான் எந்த வேலையிலும் மோசமான சண்டை.

கடைசியில் பெல் ஆய்வுக்கூடமும், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய இரண்டு ஒலிபரப்பு நிறுவனங்களும் ஒன்றாக உட்கார்ந்தன. போட்டிக் கம்பெனிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1939 மே மாதம் புதிய மீட்டர் நடைமுறைக்கு வந்தது. 'வால்யூம் யூனிட்' என்பதைச் சுருக்கி வி.யூ. என்றார்கள். சின், கேனட், மாரிஸ் என்ற மூவர், நிறுவனத்துக்கு ஒருவராக, சேர்ந்து எழுதிய கட்டுரை 1940 ஜனவரியில் வெளிவந்தது. நம் சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கி ஒரு வயதுகூட நிரம்பாத சமயத்தில் அங்கே இந்த ஒப்பந்தம் நடந்துகொண்டிருந்தது என்று காலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மீட்டரை வடிவமைத்தபோது அவர்கள் முன் இருந்த பெரிய கேள்வி இது. ஊசி, குரலின் உச்சத்தை எட்டிப் பிடிக்க வேண்டுமா? அல்லது சராசரியைக் காட்டினால் போதுமா? உச்சத்தைக் காட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். கருவிகள் கரகரப்பது உச்சத்தில்தானே? ஆனால் நீண்ட டெலிபோன் லைனில் ஒரு தொல்லை இருந்தது. குரலில் உள்ள பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. காதுக்கு வித்தியாசம் தெரியாது, அலையின் உருவம் மட்டும் மாறிவிடும். அலை மாறினால் உச்சமும் மாறும். ஆக, உச்சம் காட்டும் மீட்டரை இரு முனையிலும் வைத்தால், லைனில் ஒரு குற்றமும் இல்லாதபோதே இரண்டும் வேறு வேறு எண் காட்டும். சராசரி காட்டும் ஊசி அப்படி ஏமாறுவதில்லை. ஆகவே சோம்பேறி ஊசியையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார்கள். வால்வு இல்லாமல், செம்பு ஆக்சைடு ரெக்டிஃபையர் ஒன்றை வைத்தே வேலை முடிந்ததால் விலையும் குறைவு, பழுதும் குறைவு.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிகவும் கெட்டிக்காரத்தனமான முடிவு இதுதான். துல்லியத்தைவிட, இரண்டு பேர் ஒரே எண்ணைப் படிப்பது முக்கியம் என்று எஞ்சினீயர்கள் ஒப்புக்கொள்வது எளிதல்ல. நம் வகுப்பில் ஓர் அம்மீட்டர் ரீடிங்கையாவது இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறோமா? (காப்பியடித்த ரெக்கார்டு நோட்டுகள் கணக்கில் சேராது.)

ஊசியின் வேகத்தையும் கட்டிப்போட்டார்கள். திடீரென்று ஒரு நிலையான ஒலியைக் கொடுத்தால் 0.3 விநாடியில் சைபர் கோட்டை 99 சதவீதம் எட்ட வேண்டும். தாண்டிப் போய்த் திரும்பலாம், ஆனால் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்தான். மணிக்கணக்கில் பார்க்கிறவர் கண் சோர்ந்துபோகாமல் இருக்க முகப்புக்கு வெளிர்மஞ்சள் நிறம் கொடுத்தார்கள். பழைய டேப் ரிக்கார்டர்களில் நாம் பார்த்த அதே மஞ்சள்! அளவுகோல் -20இலிருந்து +3 வரை. கூடவே 0 முதல் 100 வரை சதவீதக் கோடும் உண்டு. டெசிபெல் பிடிக்காத ஸ்டூடியோக்காரருக்காக.

சைபருக்கு ஆதாரம், 600 ஓமில் ஒரு மில்லிவாட். அதாவது 0.775 வோல்ட். இங்கேதான் மாணவர்களைக் குழப்பும் வேடிக்கை ஒன்று இருக்கிறது. மீட்டர் லைனுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்று அதன் முன்னால் 3600 ஓம் தடை ஒன்றைப் போட்டார்கள். அதனால் ஊசிக்குப் போகும் அழுத்தம் குறைந்து, லைனில் +4 டெசிபெல், அதாவது 1.23 வோல்ட் இருக்கும்போதுதான் ஊசி சைபரில் நிற்கிறது. ஊசி சைபர் என்கிறது, லைனில் நான்கு! இன்றுவரை ஸ்டூடியோக் கருவிகளின் பின்பக்கத்தில் '+4' என்று அச்சடித்திருப்பதன் பூர்வீகம் இதுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் பி.பி.சி. வேறு முடிவு எடுத்தது. ஒலிபரப்பிக்கு மிஞ்சின லெவல் போகக் கூடாது என்பதே அவர்கள் கவலை. ஆகவே உச்சத்தைச் சட்டென்று பிடித்து, மெதுவாக இறங்கும் பி.பி.எம். மீட்டரை 1930களின் பிற்பகுதியில் உருவாக்கினார்கள். கறுப்பு முகப்பு, வெள்ளை எழுத்து, 1 முதல் 7 வரை வெறும் எண்கள். 4 என்றால் ஆதார லெவல், 6 என்றால் அதற்கு மேல் போகாதே. ஒரே அறிவிப்பாளரின் குரலை இரண்டு மீட்டரிலும் விட்டால், வி.யூ. ஊசி காட்டுவதற்கு மேல் சுமார் 10 டெசிபெல்லில் உண்மையான உச்சங்கள் தாவிக்கொண்டிருக்கும். எது சரி? அவரவர் வேலைக்கு அவரவர் மீட்டர் சரி. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இன்டர்காமுக்கு இந்தச் சட்டதிட்டம் எதுவும் வெகுநாள் வந்து சேரவில்லை. நாடக மேடைகளில் பழைய டெலிபோன் கருவிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1960களின் கடைசியில் ராக் இசைக் கச்சேரிகள் வந்தபோது அந்தக் கதை நடக்கவில்லை. அந்த ஸ்பீக்கர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்துவதே கேட்காது, டெலிபோன் குரல் எங்கே கேட்கும்? 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் சார்லி பட்டனும் பாப் கோஹெனும் கிளியர்-காம் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் தந்த யோசனை எளிமையானது. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெட்டி, பெல்ட்பேக். அதற்குள்ளேயே ஹெட்செட்டை ஓட்டும் பெருக்கி. எல்லாப் பெட்டிகளும் சாதாரண மைக் கேபிளில் வரிசையாகத் தொங்கும். மூன்று முனைகளில் முதல் முனை பொதுத்தரை, இரண்டாவதில் 30 வோல்ட் மின்சாரம், மூன்றாவதில் எல்லோர் பேச்சும். கலிபோர்னியாவிலேயே பிறகு வந்த ஆர்.டி.எஸ். கம்பெனி, இரண்டாவது முனையில் மின்சாரத்தோடு ஒரு சானலையும் ஏற்றி, மூன்றாவதில் இன்னொரு சானலை வைத்து, அதே கேபிளில் இரண்டு சானல் ஓட்டியது. பார்ட்டி லைன் என்பது இதுதான். திண்ணைப் பேச்சு மாதிரி, யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

இந்த லைனின் லெவல் எப்படி நிர்ணயமாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெல்ட்பேக்கும் பேசும்போது லைனுக்குள் குரலின் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. கேட்கும்போது லைனை ஏறக்குறைய தொடாமலே கேட்கிறது. ஆகவே நாலு பேக் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் லெவல் பெரிதாக மாறாது. மின்னோட்டத்தை அழுத்தமாக மாற்றுவது லைனில் ஒரே ஓர் இடத்தில், வழக்கமாக மின்வழங்கியில், இருக்கும் 200 ஓம் டெர்மினேஷன். 'ஒரே ஓர் இடத்தில்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். இப்படி வரும் லெவல், 0.775 வோல்ட் சைபருக்குச் சில டெசிபெல் கீழேயே இருக்கும், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஸ்டூடியோவின் +4 இங்கே செல்லாது.

பார்ட்டி லைன் மேடையில் இருக்கிறது. ஓ.பி. வேனில் இருக்கும் இன்டர்காமோ போவதும் வருவதும் தனித்தனியாக ஓடும் நான்கு கம்பி முறை, அல்லது சிட்னியின் ஆடினேட் கம்பெனி உருவாக்கிய டான்டே போன்ற நெட்வொர்க். இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் 1915இன் அதே பிரச்சினை, அதே ஹைபிரிட். இன்டர்ஃபேஸ் பெட்டி என்பது அந்தப் பழைய தராசுதான். மின்மாற்றிக்குப் பதில் ஐ.சி., ஊசிக்குப் பதில் பொட்டு விளக்கு. நம்மில் பலர் ரிச்சி தெருவில் எல்.எம். 3915 வாங்கிவந்து, பத்து விளக்கை வரிசையாக எரியவிட்டு மினி பிராஜெக்ட் முடித்தோமே, அதே சங்கதி. அந்த ஐ.சி.யில் விளக்குக்கு விளக்கு 3 டெசிபெல். பெட்டிகளிலோ நான்கைந்து விளக்குதான், ஆகவே படிகள் இன்னும் அகலம். ஊசி 'கிட்டத்தட்ட' என்று சொல்லும். விளக்குக்கு எரிவதும் அணைவதும் மட்டுமே தெரியும், நடுவில் இருப்பது தெரியாது.

பேச்சுக்கு அதை எப்படிப் படிப்பது? சாதாரணக் குரலில் பேசும்போது கீழ்ப் பச்சைகள் விட்டுவிட்டு எரிய வேண்டும். அழுத்திச் சொல்லும் வார்த்தைக்கு மஞ்சள் எட்டிப் பார்க்கலாம். மஞ்சள் நிலைத்து நின்றால் அதிகம், ஒற்றைப் பச்சையோடு நின்றால் குறைவு. நெட்வொர்க் பக்கம் போனால் பழைய சைபர் தகராறு புது வேஷத்தில் காத்திருக்கும். டிஜிட்டலில் சைபர் என்பது உச்சி, அதற்கு மேல் எண்ணே கிடையாது. அந்த உச்சிக்கு 20 டெசிபெல் கீழே ஆதார லெவல் என்பது அமெரிக்க வழக்கம், 18 கீழே என்பது ஐரோப்பிய வழக்கம். அந்த ஆதாரமும் இருவருக்கும் ஒன்றல்ல. அவர்களுக்கு அது +4, இவர்களுக்கு 0. 1939இல் தீர்த்துவைத்த வழக்குக்கு மேல்முறையீடு போல!

மீட்டர் குறைவாகக் காட்டினால் என்ன, வால்யூமைக் கூட்டினால் போச்சு என்று கேட்கலாம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய மேடை நிகழ்ச்சி. கம்பெனியின் பெயர் வேண்டாம். மாலை ஒத்திகையில் மேடைக்காரர்கள் பேசுவது வேனில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மேடையிலும் ஆளுக்கு ஆள் "கேக்கல, கேக்கல" என்று இடுப்புப் பெட்டியில் வால்யூமைக் கோடிவரை திருகி வைத்திருக்கிறார்கள். அடிக்கடி எங்கோ ஒரு ஹெட்செட் கீச்சிடுகிறது. இன்டர்ஃபேஸ் பெட்டியில் ஒற்றைப் பச்சை மட்டும் மினுக்குகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற தம்பி, "சார், பாக்ஸ் வீக்கா இருக்கு, உள்ளே கெயின் ஏத்திடட்டுமா?" என்றான்.

"கொஞ்சம் இரு தம்பி. மேடையில எத்தனை பவர் சப்ளை?"

"ரெண்டு சார். ஆள் அதிகம்னு இன்னொண்ணு சேத்திருக்காங்க."

"ரெண்டுலயும் டெர்மினேஷன் ஸ்விட்ச் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா."

இரண்டும் போட்டிருந்தது. 200 ஓமும் 200 ஓமும் இணையாகச் சேர்ந்தால் 100. மின்னோட்டம் அதேதான், ஆகவே அழுத்தம் பாதி. 6 டெசிபெல் காலி. மீட்டர் பொய் சொல்லவில்லை, பெட்டியும் வீக் இல்லை. கெயினை ஏற்றியிருந்தால் விளக்கு மூன்று எரிந்திருக்கும், எல்லோரும் திருப்தியாகப் போயிருப்பார்கள், மேடையில் கீச்சல் மட்டும் போயிருக்காது.

ஸ்விட்சை அணைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. ஹெட்செட் மாட்டியிருப்பவர்கள் எல்லோரும் வால்யூமைக் கோடியில் வைத்திருக்கிறார்கள். டெர்மினேஷனை எடுத்த அந்த நொடியில் அத்தனை காதுகளிலும் 6 டெசிபெல் கூடும். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம், 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 6 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிடும். எங்கள் ஆட்கள் ஹெட்செட்டைக் காலையில் மாட்டினால் ராத்திரி கழற்றுவார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் இன்று எதிரில் உட்கார்ந்து பேசினாலும் "என்ன?" என்று கையைக் காதருகே வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலில் லைனில் சொல்லி எல்லோரையும் வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கச் செய்தோம். பிறகு இரண்டாவது பவர் சப்ளையில் டெர்மினேஷனை எடுத்தோம். மேடை மேலாளரம்மா சாதாரணமாக "வேன், கேக்குதா?" என்றதும் மூன்றாவது பச்சை எரிந்தது.

ஆனாலும் எதிரொலி இருந்தது. டைரக்டர் பேசினால் அவர் குரலே அவருக்குத் திரும்பி வந்தது. காரணம் அதே தராசுதான். 100 ஓம் லைனுக்குச் சமன் செய்து வைத்த ஹைபிரிட், லைன் 200 ஆனதும் சமம் தவறிவிட்டது. மறுபடி நல் போட வேண்டும். நல் என்றால் அந்தச் சமனிலையைப் பிடிப்பது. இந்த ஒரு வேலையில்தான் மீட்டரைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். லைனுக்குள் ஓர் ஒலியை அனுப்பிவிட்டு, லைனிலிருந்து வருவதைக் காட்டும் மீட்டரைப் பார்க்க வேண்டும். அங்கே விளக்கு எரியாமல் இருப்பதுதான் வெற்றி. பழைய பெட்டிகளில் மூன்று திருகுகளைக் கையால் திருகி, ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்று கெட, வியர்த்து விறுவிறுத்துச் செய்வோம். இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் பெட்டியே சில விநாடிகள் பலவித ஒலிகளை அனுப்பித் தானே சமன் செய்துகொள்கிறது. அப்போது யார் மைக்காவது திறந்திருந்தால் மேடைச் சத்தமும் கணக்கில் சேர்ந்து எல்லாம் கோணலாகிவிடும். அந்த ஒலிகள் ஹெட்செட்டிலும் கேட்கும்.

"எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணிட்டு ஹெட்செட்டைக் கழற்றுங்க" என்று தம்பிதான் லைனில் அறிவித்தான். பட்டனை அழுத்தினோம். முடிந்ததும் டைரக்டரை ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொன்னேன். அனுப்பும் பக்கத்தில் மூன்று பச்சையும் துள்ளின. வரும் பக்கத்தில் ஒன்றுகூட எரியவில்லை. "மீட்டர் செத்துப் போச்சா சார்?" என்றான். மேடையிலிருந்து ஒருவரைப் பேசச் சொன்னோம், எரிந்தது. நிகழ்ச்சி ஏழரை மணிக்குத் தொடங்கியது.